ஆம், இல்லை, தெரியவில்லை

இணையதளத்தைத் தாங்கி நிற்கும் அப்பாச்சி மென்பொருளை உபுண்டு சர்வரில் நிறுவ வேண்டுமென்றால் பேக்கேஜின் பெயர் அப்பாச்சி2. ரெட் ஹாட் குடும்பத்துச் சர்வரில் அதே மென்பொருளுக்கு ஹெச்டிடிபிடி என்று பெயர். ஒன்றில் ஏபிடி என்ற கட்டளை நிறுவித் தரும், மற்றதில் டிஎன்எஃப். அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவு வேறு, சேவையின் பெயரும் வேறு. ஒரு நிறுவனத்தில் இரண்டு வகையும் கலந்து நூற்றுக்கணக்கில் சர்வர்கள் இருந்தால் 'எல்லாவற்றிலும் அப்பாச்சியைப் போடு' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. இந்த வகையாக இருந்தால் இப்படி, அந்த வகையாக இருந்தால் அப்படி என்று நிபந்தனை போட்டாக வேண்டும்.

சர்வர்களைத் தானாகப் பராமரிக்கும் ஸ்கிரிப்டுகளில் ஆகச் சிறிய வரி இந்த நிபந்தனைதான். அதிகச் சேதத்தை உண்டாக்கக்கூடியதும் அதுதான் என்பது என் கருத்து. மற்ற வரிகள் தவறாக இருந்தால் திரையில் சிவப்பு எழுத்து வந்து வேலை நின்றுவிடும். நிபந்தனை தவறாக இருந்தால் எதுவும் நிற்காது. நடக்க வேண்டிய வேலை நடக்காமல் போகும், அல்லது நடக்கவே கூடாத சர்வரில் நடந்துவிடும். இரண்டுமே வெளியில் தெரியாது.

இந்தத் தலைவலிக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் துறையில் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ், துறையின் யூனிக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் தன் தலையில் விழுந்தபோது, ஒவ்வொரு யூனிக்ஸும் ஒவ்வொரு விதமாக இருப்பதைக் கண்டார். எழுதிய ஸ்கிரிப்டுகளில் வேலையைச் சொல்லும் வரிகளைவிட 'இந்தக் கணினியாக இருந்தால்' என்ற விலக்குகளே நிறைந்துபோயின. அதிலிருந்து தப்பிக்க அவர் 1993இல் எழுதியதுதான் சிஎஃப்என்ஜின். அதில் ஒவ்வொரு கணினியும் தான் எந்தெந்த வகைகளைச் சேர்ந்தது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும்: லினக்ஸ், இன்ன பதிப்பு, இன்று திங்கட்கிழமை என்பதுவரை. விதிகளின் தலைமேல் வகையின் பெயரை எழுதினால் போதும். பிறகு 2005இல் பப்பெட், 2009இல் ஷெஃப், 2012இல் மைக்கேல் டிஹான் எழுதிய அன்சிபிள் என்று இந்த வரிசை நீண்டது. அன்சிபிளை 2015இல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. இன்று சர்வர் வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் முதலில் தொடுவது அன்சிபிளைத்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்சிபிளுக்கென்று எந்த மென்பொருளையும் சர்வர்களில் முன்கூட்டி நிறுவி வைக்க வேண்டியதில்லை. நம் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக அது உள்ளே நுழையும், ஒரு சிறிய பைத்தான் நிரலை அங்கே வைத்து ஓட்டும், அந்த நிரல் தரும் பதிலை வாங்கிக்கொண்டு வைத்ததை அழித்துவிட்டுத் திரும்பிவிடும். செய்ய வேண்டிய பணிகளை பிளேபுக் என்ற கோப்பில் யாமல் வடிவத்தில் வரிசையாக எழுதுகிறோம். ஒவ்வொரு பணிக்கும் கீழே, தேவைப்பட்டால், 'வென்' என்று தொடங்கும் ஒரு வரி. அதில் எழுதியது உண்மையாக இருந்தால் பணி நடக்கும். இல்லாவிட்டால் அந்த சர்வரில் மட்டும் அந்தப் பணியைத் தாண்டிப் போய்விடும்.

எதை வைத்து உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கிறது? பணிகள் தொடங்குவதற்கு முன்பே அன்சிபிள் ஒவ்வொரு சர்வரையும் விசாரித்து விவரம் சேகரித்து வைத்துக்கொள்ளும். எந்த இயங்குதளம், எந்தக் குடும்பம், எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், எத்தனை வட்டு, என்ன முகவரி என்று நீண்ட பட்டியல். ஆகவே 'இயங்குதளக் குடும்பம் டெபியன் என்றால்' என்று எழுதிய பணி, டெபியனிலும் நடக்கும், அதே குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டுவிலும் நடக்கும். குடும்பத்தைக் கேட்காமல் இயங்குதளத்தின் பெயரையே கேட்டு 'டெபியன் என்றால்' என்று எழுதினால் உபுண்டு வெளியே நின்றுவிடும். பழகாதவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

அடுத்த சறுக்கல் பதிப்பு எண். அன்சிபிள் சேகரித்துத் தரும் பதிப்பு எண் பார்க்க எண் போலிருந்தாலும் கணினிக்கு அது எழுத்துகளின் கோவை. 'பதிப்பு 9 அல்லது அதற்கு மேல் இருந்தால்' என்று மேற்கோள் குறிக்குள் 9 என்று எழுதி ஒப்பிட்ட நிபந்தனை, டெபியன் 9 இருந்த காலமெல்லாம் சரியாகவே வேலை செய்திருக்கும். 2019 ஜூலையில் டெபியன் 10 வந்தது. எழுத்தாக ஒப்பிடும்போது கணினி முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். 1 என்ற எழுத்து 9 என்ற எழுத்துக்கு முன்னால் வருவது. எனவே 10 என்பது 9ஐவிடச் சிறியது! நிபந்தனை பொய்யாகி, பணி தாண்டப்படும். ரெட் ஹாட்டிலும் 2025இல் 9க்குப் பின் 10 வந்தபோது இதே கண்ணி காத்திருந்தது. மதிப்பை முழு எண்ணாக மாற்றி ஒப்பிடுவது அல்லது பதிப்புகளை ஒப்பிடுவதற்கென்றே உள்ள சோதனையைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வு. அரை வரி வேலைதான். ஆனால் அது இல்லாததால் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். எந்தப் பிழையும் வரவில்லை. தாண்டிய பணியை அன்சிபிள் வெளிர்நீல நிறத்தில் காட்டும். சிவப்பைத் தேடும் கண் அந்த நிறத்தில் நிற்பதில்லை.

நிபந்தனை எழுதுபவர் மனதில் இரண்டு பதில்தான் இருக்கும்: ஆம், இல்லை. சர்வரிடமிருந்து உண்மையில் மூன்று பதில் வரும். பிள்ளையிடம் 'வீட்டில் பால் இருக்கிறதா பார், இல்லையென்றால் வாங்கி வா' என்று சொல்லி அனுப்புகிறோம். பால் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். வீடு பூட்டியிருந்து பிள்ளை பார்க்கவே முடியாமலும் போகலாம். மூன்றாவதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு பால் வாங்கினால் ஒரு பாக்கெட் வீண், அவ்வளவுதான். சர்வரில் 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்றோ 'ஆம்' என்றோ எடுத்துக்கொண்டால் இழப்பு அந்த அளவோடு நிற்காது. நிபந்தனைப் பணிகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை, அவற்றின் வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும், இந்த ஒரு குழப்பத்துக்குள் அடங்கிவிடும்.

கிரெப் கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பில் குறிப்பிட்ட வரி இருக்கிறதா என்று தேடும் பழைய யூனிக்ஸ் கருவி. வேலை முடிந்ததும் அது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வரி கிடைத்தது. 1 என்றால் தேடினேன், கிடைக்கவில்லை. 2 என்றால் தேடவே முடியவில்லை: கோப்பு இல்லை, அல்லது படிக்க அனுமதி இல்லை. ஆம், இல்லை, தெரியவில்லை என்ற மூன்றையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்லும் கருவியை எழுதிய தலைமுறைக்கு நான் நன்றி சொல்வேன்.

அன்சிபிளோ, 0 தவிர எந்த எண் வந்தாலும் பணி தோற்றது என்று கொண்டு அந்த சர்வரில் மேற்கொண்டு போகாமல் நின்றுவிடும். 'வரி இல்லை' என்பது நமக்குத் தோல்வி அல்ல, ஒரு தகவல். எனவே பலர் செய்வது என்ன? 'பிழையைப் பொருட்படுத்தாதே' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். கிடைத்த பதிலை ஒரு மாறியில் பதிந்து, அடுத்த பணியில் 'அது தோற்றிருந்தால் இந்த வரியைக் கோப்பின் கடைசியில் சேர்' என்று எழுதுகிறார்கள். ரூட் பயனர் நேரடியாக உள்ளே வரக் கூடாது என்ற வரி எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் இருக்கிறதா என்று இப்படித் தேடுவதாக வைத்துக்கொள்வோம். ரெட் ஹாட் வகைச் சர்வரில் அந்தக் கோப்பைப் படிக்க ரூட் அனுமதி வேண்டும். தேடும் பணிக்கு அந்த அனுமதியைக் கொடுக்க மறந்து, சேர்க்கும் பணிக்கு மட்டும் கொடுத்திருந்தால், கிரெப் ஒவ்வொரு முறையும் 2 என்று சொல்லும். ஸ்கிரிப்ட் அதை 'வரி இல்லை' என்று புரிந்துகொள்ளும். பிளேபுக்கை ஓட்டும்போதெல்லாம் அதே வரி கோப்பின் அடியில் இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோப்பின் கடைசியில் ஒரு குறிப்பிட்ட பயனருக்கு மட்டுமான 'மேட்ச்' பகுதி இருந்துவிட்டால், ஒட்டிய வரி அந்தப் பகுதிக்குள் விழுந்து அந்தப் பயனருக்கு மட்டுமே பொருந்தும். பாதுகாப்பு பலப்பட்டதாக அறிக்கை சொல்லும், கதவு திறந்தே கிடக்கும்.

பிழையைப் பொருட்படுத்தாதே என்று மொத்தமாக வாயை அடைப்பதற்குப் பதில், 'எண் 1ஐவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் தோல்வி' என்று எழுதலாம். அன்சிபிளில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. அடுத்த பணியில் 'எண் 1 என்றால் சேர்' என்று எழுதினால், 'இல்லை' ஒரு பக்கம் போகும், 'தெரியவில்லை' வந்தால் வேலை நிற்கும். இதையும்விட நல்லது, நிபந்தனையே எழுதாமல் இருப்பது. கோப்பில் ஒரு வரி இருக்க வேண்டும் என்று சொன்னால் தானே பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும் தொகுதி அன்சிபிளிலேயே இருக்கிறது. பேக்கேஜ், பயனர், அடைவு, சேவை என்று பெரும்பாலானவற்றுக்கு இப்படித் தயாரான தொகுதிகள் உண்டு. எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருப்பதுதான் அவற்றின் சிறப்பு. கையால் ஷெல் கட்டளை எழுதுகிறவர்தான் நிபந்தனையையும் கையால் எழுத நேர்கிறது.

அப்பாச்சி உதாரணத்துக்கும் இது பொருந்தும். ஐந்து பணிகளுக்குக் கீழே ஐந்து முறை 'டெபியன் என்றால்' என்று எழுதுவதைவிட, பேக்கேஜ் பெயர், சேவைப் பெயர், அடைவு ஆகியவற்றைக் குடும்பத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்து, சர்வர் எந்தக் குடும்பமோ அந்தக் கோப்பை மட்டும் ஏற்றுவது மேல். பணிகளில் நிபந்தனையே இருக்காது. பர்ஜெஸ் 1993இல் விரும்பியதும் இதுதான்.

இனி, வரையறுக்கப்படாத மாறிகள். நிபந்தனையில் வரும் மாறிக்கு யாரும் மதிப்பே கொடுக்கவில்லை என்றால் அன்சிபிள் நின்றுவிடும். அந்த மாறியைத் தெரியாது என்று சொல்லும். சரியான நடத்தை. ஆனால் நின்றுபோவது எரிச்சல் தருவதால், 'மதிப்பு இல்லாவிட்டால் பொய் என்று வைத்துக்கொள்' என்ற இயல்மதிப்பை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. விருப்பத்தேர்வான ஒரு வசதிக்கு இது சரி. பழைய தரவுகளை அழிக்கும் பணிக்கு மேலே 'இது வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வர் இல்லை என்றால்' என்று எழுதி, அந்த மாறிக்கும் இதே இயல்மதிப்பைக் கொடுத்திருந்தால்? எங்கோ ஓர் எழுத்துப்பிழையால் மாறியின் பெயர் மாறிப்போனாலும் மதிப்பு பொய்யாகிவிடும். வாடிக்கையாளர் சர்வர், சோதனை சர்வராகக் கருதப்பட்டு, தரவு அழியும். ஆபத்தான பணிக்கு எதிர்மறை நிபந்தனை போடவே கூடாது என்பேன். 'சூழல் சோதனை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால்' என்று நேர்மறையாக, இயல்மதிப்பு எதுவும் இல்லாமல் எழுத வேண்டும். அப்போது அறியாமை அனுமதியாக மாறாது.

இயந்திரத்தைக் கேட்காமல் அனுமானித்ததற்குக் கொடுத்த விலையில் பொதுப்பதிவில் உள்ள ஒன்று, அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனத்தினுடையது. 2012இல் அவர்கள் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றினார்கள். ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். வேறு யாரும் சரிபார்க்கவில்லை. புதிய வசதியை இயக்கும் கொடிக்கு, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வசதியின் கொடியையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். ஆகஸ்ட் 1 காலையில் சந்தை திறந்தபோது எட்டு சர்வர்களிலும் கொடி 'ஆம்' என்றது. ஏழில் புதிய நிரல் விழித்தது. எட்டாவதில் பழையது விழித்து, முடிவில்லாமல் பங்குகளுக்கு ஆணை அனுப்பிக்கொண்டே போனது. சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். இழப்பு 46 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவு சொல்கிறது. கொடியை இயக்குவதற்கு முன் 'இந்த சர்வரில் இருப்பது எந்தப் பதிப்பு' என்று ஒவ்வொன்றையும் கேட்டு, எதிர்பார்த்த பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்தும் ஒரு பணி போதுமாக இருந்திருக்கும். அன்சிபிளில் அதற்கு 'அசெர்ட்' என்று பெயர். நிபந்தனை பொய்யானால் அது தாண்டிப் போகாது, நிறுத்தும். தாண்டுவதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை எழுதும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

தாண்டப்பட்ட பணியைப் பற்றி இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவார்கள். முதல் பணி தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கிறது. அதன் பதிலை ஒரு மாறியில் பதிகிறோம். இரண்டாவது பணி, 'பேக்கப் வெற்றி என்றால் பழைய தரவை அழி'. படிக்கும்போது எவ்வளவு பொறுப்பாகத் தெரிகிறது! ஆனால் முதல் பணிக்கும் ஒரு நிபந்தனை இருந்து, சில சர்வர்களில் அது தாண்டப்பட்டுவிட்டால்? தாண்டினாலும் மாறி உருவாகிவிடும். அதில் 'தாண்டப்பட்டது' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அன்சிபிளின் 'வெற்றி' சோதனை பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தோற்றதா? தாண்டப்பட்ட பணி தோற்கவில்லை. ஆகவே வெற்றி. பேக்கப் எடுக்கப்படாத சர்வரில் தரவு அழிக்கப்படும். மாறி இருக்கிறதா என்று கேட்டாலும் பயனில்லை, இருக்கிறது என்றே பதில் வரும். 'தாண்டப்படவில்லை, மேலும் வெற்றி' என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் நாம் மனதில் நினைத்த கேள்வியைக் கேட்டதாகும். எடுத்த பேக்கப் கோப்பு வட்டில் இருக்கிறதா, அதன் அளவு பூஜ்யத்துக்கு மேலா என்று நேரடியாகப் பார்த்துவிட்டு அழிப்பது அதைவிட நம்பகமானது.

பதில் பழசாகிப்போவதும் உண்டு. தொடக்கத்தில் சேகரித்த விவரங்கள் நடுவில் தாமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. மூன்றாவது பணியில் ஒரு வட்டைச் சேர்த்துவிட்டு ஏழாவது பணியில் வட்டுகளைப் பற்றிக் கேட்டால் பழைய கணக்கே வரும். மறுபடி சேகரிக்கச் சொல்ல வேண்டும். வேகத்துக்காக விவரங்களைச் சேமித்து வைக்கும் வசதியை இயக்கியிருந்தால், மாற்றாதவரை அதன் ஆயுள் 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள். நேற்றைய பதிலை வைத்து இன்று முடிவெடுக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. பல பணிகள் கொண்ட ஒரு கோப்பை இரண்டு விதமாக பிளேபுக்குக்குள் கொண்டுவரலாம். இன்க்ளூட் என்ற முறையில் நிபந்தனை ஒருமுறை, வாசலில் மட்டும் கேட்கப்படும். இம்போர்ட் என்ற முறையில் அதே நிபந்தனை உள்ளே இருக்கும் ஒவ்வொரு பணியின் மீதும் பிரதி எடுத்து ஒட்டப்படும், ஒவ்வொரு பணிக்கு முன்னும் புதிதாகக் கேட்கப்படும். 'செயலி இன்னும் நிறுவப்படவில்லை என்றால்' என்ற நிபந்தனையோடு ஒரு கோப்பை இம்போர்ட் செய்கிறோம். முதல் பணி செயலியை நிறுவுகிறது. இரண்டாவது பணி நிறுவியாயிற்றா என்று பார்த்து அதே மாறியைப் புதுப்பிக்கிறது. அந்தக் கணமே நிபந்தனை பொய்யாகிறது. மீதமுள்ள பணிகள், அதாவது அமைப்புக் கோப்பு எழுதுவது, சேவையைத் தொடங்குவது எல்லாம் தாண்டப்படுகின்றன. பாதி நிறுவிய செயலி மிஞ்சுகிறது. அடுத்த முறை ஓட்டினாலும் சரியாகாது, ஏனென்றால் இப்போது செயலி 'நிறுவப்பட்டுவிட்டது'.

கடைசியாக, ஆம் இல்லை என்ற மதிப்புகளே ஏமாற்றும் விதம். யாமலின் 1.1 பதிப்பில் மேற்கோள் குறியில்லாத 'நோ' என்பது பொய் என்ற மதிப்பு. நாடுகளின் குறியீட்டுப் பட்டியலில் நார்வேயின் குறியீடும் அதே இரண்டு எழுத்து. பட்டியலை ஏற்றினால் நார்வே மறைந்து அந்த இடத்தில் 'பொய்' நிற்கும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இதைத் திருத்தியது. ஆனால் அன்சிபிள் சார்ந்திருக்கும் பைத்தான் நூலகம் 1.1இன் வழியையே பின்பற்றுகிறது. மறுபுறம், பிளேபுக்கை ஓட்டும்போது கட்டளை வரியில் ஒரு மாறிக்கு 'ஃபால்ஸ்' என்று நாம் சமக்குறி போட்டுக் கொடுத்தால் அது பொய் அல்ல, ஐந்து எழுத்துள்ள ஒரு சொல். காலியாக இல்லாத எந்தச் சொல்லும் பைத்தானின் கணக்கில் உண்மை. வேண்டாம் என்று கொடுத்த கட்டளை வேண்டும் என்று போய்ச்சேர இது போதும்.

2025 ஜூலையில் வெளிவந்த அன்சிபிள்-கோர் 2.19 இந்த இடத்தில் கண்டிப்பாகிவிட்டது. நிபந்தனையின் முடிவு உண்மை அல்லது பொய் என்ற தெளிவான மதிப்பாக இல்லாமல் ஒரு சொல்லாகவோ பட்டியலாகவோ இருந்தால் அதை ஊகித்து நகராமல் பிழை காட்டி நிற்கும். இதனால் நேற்றுவரை ஓடிய பிளேபுக்குகள் பல இடங்களில் நின்றன. பழைய தாராளத்துக்கே திரும்பிப்போக அமைப்பில் ஒரு விசையும் கொடுத்திருக்கிறார்கள். இடைக்கால ஏற்பாடாக அதைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பிழை காட்டும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, கட்டளை வரியிலிருந்து வரும் மதிப்பா என்று பாருங்கள். அப்படியானால் அதை உண்மை-பொய் மதிப்பாக மாற்றும் வடிகட்டியைச் சேருங்கள். பட்டியல் காலியா என்று கேட்க நினைத்த இடமாக இருந்தால் அதன் நீளம் பூஜ்யத்துக்கு மேலா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அழிக்கும் பணி, மறுதொடக்கம் செய்யும் பணி, பயனர்களை நீக்கும் பணி ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள்.